எங்கே போனது பிரேக் ஆயில்?

மோட்டார் காரின் முன்மூடியைத் தூக்கிப் பார்த்தால், ஓட்டுநர் இருக்கைக்கு நேர் முன்னே, என்ஜின் அறையின் பின்சுவரை ஒட்டி ஒரு சிறிய பிளாஸ்டிக் டப்பா இருக்கும். அதன் பக்கவாட்டில் இரண்டு கோடுகள் உண்டு. மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் இடையே இளமஞ்சள் நிறத்தில் ஒரு திரவம் நிற்கும். பட்டறையிலும் கடையிலும் அதற்குப் ‘பிரேக் ஆயில்’ என்று பெயர். சென்ற மாதம் மேல்கோட்டில் நின்ற திரவம் இந்த மாதம் கீழ்கோட்டுக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோலைப் போல இது எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள் இருக்கும் திரவம் வெயிலில் ஆவியாகிப் போவதும் இல்லை. அப்படியானால் அது எங்கே போனது?

பலர் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. சிறிய புட்டி ஒன்றை வாங்கி, குறைந்த அளவுக்கு ஊற்றி, மூடியைத் திருகிவிட்டுப் போய்விடுகிறார்கள். இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களில் ஒரு சிலராவது இனிமேல் அப்படிச் செய்யாமல் இருந்தால் நல்லது. ஏன் என்பதைச் சிறிது பௌதிகத்தின் துணையோடு பார்ப்போம்.

காலின் பலமும் காரின் எடையும்

பிளேஸ் பாஸ்கல் என்ற பிரெஞ்சு அறிஞர் திரவங்களின் சமநிலையைப் பற்றி எழுதிய நூல், அவர் இறந்த மறு ஆண்டான 1663 இல் வெளிவந்தது. மூடிய கலத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும் என்ற அவருடைய விதியை மாணவர்கள் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். அதே விதியின் மேல் உட்கார்ந்துதான் தினமும் கல்லூரிக்கு வருகிறோம் என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை.

ஒரு கணக்குப் போடலாம். ஓட்டுநர் பெடலை 30 கிலோகிராம் எடையளவு விசையோடு மிதிக்கிறார். பெடல் ஒரு நெம்புகோல். அது விசையை ஐந்து மடங்காக்கி 150 கிலோகிராமாக மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனிடம் கொடுக்கிறது. பிஸ்டனின் விட்டம் 2 செ.மீ. என்றால் பரப்பு 3.1 சதுர செ.மீ. ஆகவே திரவத்தில் எழும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 48 கிலோகிராம். சக்கரத்தருகே உள்ள பிஸ்டனின் விட்டம் 5 செ.மீ. என்றால் அதன் பரப்பு 19.6 சதுர செ.மீ. அது பிரேக் பேடைத் தள்ளும் விசை ஏறத்தாழ 940 கிலோகிராம்! முப்பது கிலோ தொள்ளாயிரத்து நாற்பதாகிவிட்டது. இதில் மாயம் ஏதும் இல்லை. பெடல் பல சென்டிமீட்டர் நகர்ந்தால் பேடு நகர்வது மில்லிமீட்டரின் ஒரு பகுதிதான். விசையில் பெற்ற இலாபத்தைத் தூரத்தில் இழக்கிறோம். இந்தத் ‘தூரம்’ என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; கசிவின் கதை முழுவதும் அதில்தான் இருக்கிறது.

இந்த முறையைக் காருக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கரான மால்கம் லாக்ஹீட். விமானங்களோடு சேர்த்து நாம் கேள்விப்படும் அதே லாக்ஹீட் பெயர்தான். 1917 இல் அவர் காப்புரிமை பெற்றார். 1921 இல் வந்த டியூசன்பர்க் கார் நான்கு சக்கரங்களிலும் திரவ பிரேக்கைக் கொண்டிருந்தது. அந்தத் தொடக்க காலத்திலேயே கசிவு பெரிய தலைவலியாக இருந்தது. திரவத்தைத் தடுத்து நிறுத்தத் தோலால் செய்த கிண்ணங்களை வைத்துப் பார்த்தார்கள், அவை ஒழுகின. ரப்பர் கிண்ணங்கள் வந்த பிறகே நிலைமை சீரடைந்தது. ஆனால் ரப்பர் வந்ததும் வேறொரு நிபந்தனை வந்தது. பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். எனவே அக்காலத்தில் ஆமணக்கெண்ணெயையும் ஆல்கஹாலையும் கலந்து பிரேக் திரவமாக ஊற்றினார்கள். நம் வீட்டில் குழந்தைக்கு வயிறு சுத்தமாகக் கொடுக்கும் அதே விளக்கெண்ணெய்!

இன்றைய கார்களில் ஊற்றுவது பெரும்பாலும் கிளைக்கால் ஈதர் வகையைச் சேர்ந்த திரவம். அது எண்ணெய் இல்லை. தண்ணீரோடு நன்றாகக் கலக்கும். ‘பிரேக் ஆயில்’ என்ற பெயர்தான் ஆளை ஏமாற்றுகிறது. ஆயில் என்றுதானே சொன்னார்கள் என்று ஒருவர் என்ஜின் ஆயிலை ஊற்றிவிட்டால் மாஸ்டர் சிலிண்டர் முதல் நான்கு சக்கரங்கள் வரை உள்ள ரப்பர் அத்தனையும் பாழாகும்.

எண்ணூரின் ஆஸ்டின்

வடசென்னை வாசகர்களுக்கு இதில் ஓர் உள்ளூர்ச் செய்தி உண்டு. 1948 இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் கம்பெனி எண்ணூரில் ஆஸ்டின் ஏ 40 கார்களைப் பாகங்களாகத் தருவித்துப் பொருத்தி விற்றது. அதுதான் 1955 இல் அசோக் லேலண்ட் ஆகி, லாரிக்கும் பஸ்ஸுக்கும் பேர்போன தொழிற்சாலையாக வளர்ந்தது. அந்த ஏ 40 வரிசையில் முதலில் வந்த டெவன் வகைக் காரில் முன் சக்கரங்களுக்குத் திரவ பிரேக். பின் சக்கரங்களுக்குக் கம்பியும் நெம்புகோலும் கொண்ட பழைய முறை. இது ஏதோ பாதி வேலையாகத் தோன்றலாம். ஆனால் முன்குழாய் ஒன்று வெடித்துத் திரவம் முழுவதும் போனாலும் பின் சக்கரங்கள் பிடிக்கும்! நான்கு சக்கரங்களும் ஒரே திரவத்தை நம்பி இருந்த பிற்காலக் கார்கள் பலவற்றுக்கு இந்த வசதி இல்லை. ஒரே ஓட்டை நான்கையும் செயலிழக்கச் செய்துவிடும். 1960களின் பிற்பகுதியில் அமெரிக்கா இரட்டைச் சுற்று முறையைக் கட்டாயமாக்கியது. மாஸ்டர் சிலிண்டருக்குள் இரண்டு பிஸ்டன்கள், இரண்டு தனிக் குழாய்ச் சுற்றுகள்; ஒன்று போனாலும் மற்றது மிஞ்சும். இன்று நம் சாலையில் ஓடும் கார்களில் இதுவே வழக்கம். ஆனால் மிஞ்சுவது பாதி பிரேக்தான். அதுவும் பெடல் வெகு ஆழம் போன பிறகுதான் கிடைக்கும்.

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்கு வரிசையாக நிற்கும் கன்டெய்னர் டிரெய்லர்களைப் பார்த்திருப்பீர்கள். அவை ‘புஸ்’ என்று பெருமூச்சு விடும். அவற்றில் இருப்பது அழுத்தப்பட்ட காற்றால் இயங்கும் பிரேக். காற்று கசிந்து அழுத்தம் மிகவும் குறைந்துவிட்டால், அதுவரை காற்றால் அடக்கி வைக்கப்பட்டிருந்த வலிமையான சுருள்வில் விடுபட்டுச் சக்கரத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். வண்டி நின்றுவிடும், பின்னால் வருபவர்கள் ஹாரன் அடிப்பார்கள், உயிருக்கு ஆபத்து குறைவு. காரின் திரவ பிரேக் இதற்கு நேர் எதிர். கசிந்தால் பிடிப்பு போகும், சத்தமும் வராது.

டப்பா மறைக்கும் உண்மை

மருந்துக் கடையில் ஊசியில்லாத சிரிஞ்சு இரண்டு வாங்குங்கள். ஒன்று சிறியது, ஒன்று பெரியது. இரண்டையும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயால் இணைத்து, காற்றே இல்லாதபடி தண்ணீரால் நிரப்புங்கள். சிறிய சிரிஞ்சை அழுத்தினால் பெரியது உடனே நகரும். பெரியதன் தண்டை விரலால் தடுத்துப் பாருங்கள். எவ்வளவு பலமாகத் தள்ளுகிறது என்பது தெரியும். பிறகு குழாயைக் கழற்றி ஓர் அங்குல நீளத்துக்குக் காற்றை நுழைய விட்டு மறுபடி செய்யுங்கள். சிறிய சிரிஞ்சு மெத்தென்று உள்ளே போகும், பெரியது தயங்கும். மூன்றாவதாக, குழாயில் குண்டூசியால் ஒரு துளையிட்டுச் செய்யுங்கள். முதல் அழுத்தலில் ஏறக்குறைய எல்லாம் சரியாகவே நடக்கும், ஒரு முத்துத் துளி வெளியே வந்ததைத் தவிர. அழுத்தியபடியே வைத்திருந்தால் மட்டும் கைக்குக் கீழே தண்டு மெல்ல மெல்ல இறங்குவதை உணர்வீர்கள்.

காரில் நடப்பது இந்த மூன்றாவது சோதனை. ஆனால் காரில் ஒரு கூடுதல் ஏற்பாடு இருக்கிறது. பெடலிலிருந்து காலை எடுத்ததும், கசிந்துபோன அளவுக்குப் புதுத் திரவம் மேலேயுள்ள டப்பாவிலிருந்து ஒரு சிறு துளை வழியே மாஸ்டர் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் பெடல் பழையபடியே நன்றாக இருக்கும். சிறு கசிவை டப்பா மறைத்து வைக்கிறது. மட்டம் அந்தத் துளைக்குக் கீழே இறங்கும் நாளில்தான் திரவத்துக்குப் பதில் காற்று உள்ளே போகிறது.

அப்போது என்ன ஆகும்? 1 கன செ.மீ. காற்றை 48 கிலோகிராம் அழுத்தத்தில் அமுக்கினால் பாயில் விதிப்படி அது சுமார் ஐம்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதாவது ஏறத்தாழ அந்த 1 கன செ.மீ. முழுவதையும் பிஸ்டன் வீணாக நகர்ந்து ஈடு செய்ய வேண்டும். 3.1 சதுர செ.மீ. பரப்புள்ள பிஸ்டனுக்கு அது 3 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான நகர்வு. பெடலில் ஐந்து மடங்கு, அதாவது 1.6 செ.மீ. உள்ளே 8 கன செ.மீ. காற்று, ஒன்றரைத் தேக்கரண்டி அளவு, புகுந்திருந்தால் பெடல் 13 செ.மீ. வெறுமனே போகும். பல கார்களில் அதற்குள் பெடல் தரையைத் தொட்டுவிடும். நேற்றுவரை நன்றாக இருந்த பிரேக் இன்று திடீரென்று ‘பிடிக்கவில்லை’ என்று சொல்வதன் உள்விவரம் இதுதான். உண்மையில் அது திடீரென்று வந்ததில்லை. இரண்டு மாதமாகக் கோடு இறங்கிக்கொண்டிருந்தது.

மட்டம் குறைவதற்குக் குற்றமற்ற ஒரு காரணமும் உண்டு. பேடு தேயத் தேயச் சக்கரத்துப் பிஸ்டன் வெளியே வந்து அங்கேயே நிற்கும். அதன் பின்னால் உண்டான இடத்தைத் திரவம் நிரப்பும். ஒரு சக்கரத்தின் இரு பேடுகளும் சேர்ந்து 1 செ.மீ. தேய்ந்தால் 20 கன செ.மீ. திரவம் அங்கே இடம்பெயரும். முன் சக்கரங்கள் இரண்டுக்கும் 40. ஆனால் அவ்வளவு தேயப் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டும். எனவே ஆண்டுக்கணக்கில் மெல்ல இறங்கினால் பேடைப் பாருங்கள். வாரக்கணக்கில் இறங்கினால் அது கசிவுதான், சந்தேகமே வேண்டாம்.

ஈரம் எங்கே என்று தேடுவோம்

காருக்கு அடியில் ஈரத்தைக் கண்டதும் பதற வேண்டாம். சென்னையில் ஏ.சி. போட்ட கார் எல்லாமே அடியில் தண்ணீர் சொட்டும். அது காற்றிலிருந்து குளிர்ந்து வடிந்த வெறும் நீர். என்ஜின் ஆயில் என்றால் பழுப்பு அல்லது கறுப்பு. விரலில் வழவழப்பாக ஒட்டி, தண்ணீரில் கழுவினால் போகாது. ரேடியேட்டரின் குளிர்விப்பு நீருக்குப் பச்சை, சிவப்பு என்று சாயம் இருக்கும். பிரேக் திரவமோ நிறமற்றது அல்லது இளமஞ்சள், பழையதானால் தேநீர் நிறம். தொட்டால் வழுக்கும், ஆனால் தண்ணீர் விட்டதும் கரைந்து போய்விடும். கண்ணாடிக் குவளையில் தண்ணீர் வைத்து ஒரு சொட்டு விட்டால் ஆயில் மிதக்கும், பிரேக் திரவம் கலந்துவிடும். இது நஞ்சு; வாயிலும் கண்ணிலும் படக்கூடாது. காரின் வண்ணப் பூச்சில் பட்டால் பூச்சு உரிந்துவிடும். உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

அடுத்து, இருக்கையில் உட்கார்ந்து செய்யும் சோதனை. என்ஜின் ஓட, கார் நின்ற நிலையில், பெடலை ஒரே சீராக அழுத்தி அரை நிமிடம் வைத்திருங்கள். கல்லைப் போல நின்றால் நன்று. மெத்தென்று இருந்து, இரண்டு மூன்று முறை விரைவாக மிதித்ததும் உயர்ந்தால் உள்ளே காற்று இருக்கிறது. மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போனால் திரவம் எங்கோ வெளியேறுகிறது. அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே கிண்ணத்தைத் தாண்டிப் பின்னோக்கிப் போகிறது. இரண்டாவது வகையில் டப்பாவின் மட்டம் குறையாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் நான்கு சக்கரங்களையும் கழற்றிப் பார்த்து நாளை வீணாக்குபவர்கள் உண்டு.

பிறகு கண்ணால் தேட வேண்டியதுதான். டப்பாவின் அடிப்பகுதி, மாஸ்டர் சிலிண்டர், அங்கிருந்து கிளம்பும் இரும்புக் குழாய்களின் திருகு முனைகள், சக்கரத்தருகே வளைந்து தொங்கும் ரப்பர் ஹோஸ், காலிப்பர், டயர்களின் உட்பக்கம் என்று வரிசையாக. பெடலுக்கு மேலே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். அங்கே ஈரம் இருந்தால் மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்கக் கிண்ணம் போய்விட்டது. வெளியே எங்குமே ஈரம் இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டரை ஒட்டியுள்ள வட்டமான வெற்றிட உதவிக் கலத்துக்குள் திரவம் போய்க்கொண்டிருக்கலாம். கிளட்ச்சும் திரவத்தால் இயங்கும் சில கார்களில் இரண்டுக்கும் ஒரே டப்பா. கசிவு கிளட்ச் பக்கம் இருந்து பிரேக்கின் மேல் பழி விழுவதும் உண்டு.

திருவொற்றியூரில் எங்கள் தெருவிலுள்ள வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திரவம் ஊற்றி வந்தார். “தரையில் ஒரு சொட்டுகூட இல்லையே சார், ஆவியாகிப் போகிறதோ?” என்று என்னைக் கேட்டார். பௌதிகம் நடத்துகிறவனிடம் கேட்கத்தக்க கேள்விதான்! தரையில் சொட்டு இல்லை என்பது உண்மை. ஆனால் இடப்பக்கப் பின் சக்கரத்தின் உட்புறம் டயரில் புழுதி கறுப்பாக அப்பியிருந்தது. மற்ற மூன்றிலும் அப்படி இல்லை. மெக்கானிக் டிரம்மைக் கழற்றி, வீல் சிலிண்டரின் தூசி உறையை விரலால் ஒதுக்கியதும் திரவம் கொட்டியது. கசிந்ததெல்லாம் டிரம்முக்குள்ளேயே தேங்கி, லைனிங்கை நனைத்து, புழுதியோடு சேர்ந்து பசையாகியிருந்தது. உள்ளிருந்த ரப்பர் கப்புகள் ஊறிய உளுந்தைப் போல உப்பியிருந்தன. ஆறு மாதத்துக்கு முன் வேறொரு பட்டறையில் கப்புகளை மாற்றியபோது சிலிண்டரை மண்ணெண்ணெயில் கழுவி அப்படியே பொருத்தியிருக்கிறார்கள். துடைக்காமல் விட்ட ஒரு சொட்டுப் போதும். அந்தக் கார் காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போய்க்கொண்டிருந்தது.

கடற்கரைக்காரர்களின் கவலை

இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை உள்ள நமக்கு இரண்டு தனிச் சிக்கல்கள் உண்டு. முதலாவது உப்பு. பிரேக் குழாயின் வெளிவிட்டம் 5 மில்லிமீட்டருக்கும் குறைவு; அதன் சுவரின் தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது. கடற்காற்றின் உப்பு அதன் மேல் படிகிறது. காசிமேட்டு மீன் வண்டிகளிலிருந்து உருகி ஒழுகும் ஐஸ் தண்ணீரும் சாலையிலிருந்து தெறிக்கிறது. குழாயை வண்டியின் அடியோடு பிடித்து வைக்கும் கிளிப்புகளுக்குள் ஈர மணல் தங்கி, அங்கேதான் துரு முதலில் தின்னத் தொடங்கும். வெளியே பார்த்தால் குழாய் நன்றாகத்தான் இருக்கும். கிளிப்பை விலக்கிப் பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரை வண்டியின் அடியில் பீய்ச்சிக் கழுவுவது, மேலே மெழுகு பூசிப் பளபளக்க வைப்பதைவிட எவ்வளவோ மேல்.

இரண்டாவது ஈரம். கிளைக்கால் வகைத் திரவம் காற்றிலுள்ள நீராவியை இழுத்துக்கொள்ளும் குணமுடையது. மூடியின் காற்றுத் துளை வழியாகவும் ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவும்கூட ஈரம் நுழையும். டாட் 3 என்ற தரத்துத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205° செ. வரை கொதிக்காது. நூற்றுக்குச் சுமார் மூன்றே முக்கால் பங்கு நீர் சேர்ந்துவிட்டால் அந்த உத்தரவாதம் 140° ஆகச் சரிகிறது. டாட் 4 க்கு இவை 230°, 155°.

சமதரையான வடசென்னையில் இந்தக் குறை வெளியே தெரியாது. ஆயிரம் கிலோகிராம் எடையுள்ள கார் மணிக்கு 72 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது அதன் இயக்க ஆற்றலான 2 லட்சம் ஜூல் வெப்பமாகிறது. ஏறத்தாழ 700 கிராம் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிக்க வைக்க அது போதும். ஒருமுறை நின்றால் அடுத்த சிக்னல் வரை ஆற நேரம் உண்டு. அதே கார் திருமலைக்கோ ஏற்காட்டுக்கோ போய்விட்டு இறங்குகிறது என்று வையுங்கள். 700 மீட்டர் உயரம் இறங்கினால் விடுபடும் நிலை ஆற்றல் 68 லட்சம் ஜூலுக்கு மேல், 72 கி.மீ. வேகத்திலிருந்து 34 முறை அடுத்தடுத்து நிறுத்தியதற்குச் சமம். இரண்டாம் கியரில் இறங்கினால் என்ஜின் இதில் பெரும்பங்கை ஏற்கும். நியூட்ரலில் இறங்கினால் எல்லாம் பிரேக்கின் தலையில். காலிப்பருக்குள் நீர் கலந்த திரவம் கொதிக்கிறது, குமிழி உண்டாகிறது, மேலே போட்ட 8 கன சென்டிமீட்டர் கணக்கு மறுபடி வந்துவிடுகிறது. ஒரு சொட்டுக்கூடக் கசியாத காரிலும் பெடல் தரையைத் தொடும். பிரேக் ஆறியதும் எல்லாம் பழையபடி ஆகிவிடுவதால், பட்டறைக்குக் கொண்டுபோனால் ‘ஒன்றும் இல்லையே’ என்பார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திரவத்தை முழுவதும் மாற்றச் சொல்வது விற்பனைத் தந்திரம் இல்லை. கடலோரத்தில் அதைத் தள்ளிப்போடவே கூடாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எண்ணூர்ப் பக்கத்தில் வெள்ளத்தோடு கசடு எண்ணெயும் கலந்து வந்து வீடுகளிலும் படகுகளிலும் அப்பியது நினைவிருக்கும். அப்படிப்பட்ட நீரில் நின்ற காருக்கு இரட்டைச் சோதனை தேவை. டப்பா வரை நீர் ஏறியிருந்தால் திரவத்தை மாற்ற வேண்டும். எண்ணெய் படிந்த ஹோஸ்களைத் துடைத்து, வளைத்துப் பார்த்து, உப்பலோ வெடிப்போ தென்பட்டால் அவற்றையும் மாற்ற வேண்டும்.

சரிசெய்வது

கசிவு என்று தெரிந்த பிறகு அந்தக் காரை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகக் கூடாது. மெக்கானிக்கை வரவழைக்க வேண்டும், அல்லது கட்டி இழுத்துப் போகாமல் வண்டியில் ஏற்றிப் போக வேண்டும். பிரேக் இல்லாத காரைக் கயிற்றில் கட்டி இழுப்பதைப் போன்ற அறிவீனம் வேறில்லை.

துருப்பிடித்த குழாய்க்குப் பற்றவைப்பு, ஈயம், பசை, ரப்பர்ச் சுற்று எதுவும் உதவாது. முழுக் குழாயையும் மாற்றி, அதன் முனையை இரட்டை மடிப்பாக விரித்துப் பொருத்த வேண்டும். கசியும் சக்கரத்தின் குழாயை மடக்கிச் சுத்தியால் தட்டி அடைத்துவிட்டு ‘மூன்று சக்கரம் போதும்’ என்று அனுப்பும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அவசரப் பிரேக் போட்டால் கார் ஒரு பக்கமாகச் சுழலும். இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். வீல் சிலிண்டரின் உட்சுவரில் விரலை ஓட்டிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் கப் மட்டும் மாற்றலாம். சொரசொரப்போ குழியோ இருந்தால் புதுக் கப் சில வாரத்திலேயே கிழியும். சிலிண்டரையே மாற்றுவது சிக்கனம். கழுவுவதற்குப் புதுப் பிரேக் திரவம் அல்லது இஸ்பிரிட்டு மட்டுமே. திரவத்தில் ஊறிய லைனிங்கைச் சோப்புப் போட்டுக் கழுவியோ தீயில் வாட்டியோ மீட்க முடியாது. வலம், இடம் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லையேல் பிடிப்பு சமமாக இராது. காலிப்பரில் ஹோஸைப் பிடிக்கும் திருகில் உள்ள செம்பு வாஷர்களை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும். சில ரூபாய்ப் பொருள். பலர் பழையதையே போட்டுவிட்டு மறுநாள் மறுபடி கழற்றுவார்கள்.

இனி ‘ஏர் எடுப்பது’. சக்கரத்தருகே உள்ள நிப்பிளில் ஒரு ஒளிபுகும் குழாயை மாட்டி, அதன் மறுமுனையைச் சிறிது புதுத் திரவம் உள்ள பாட்டிலில் மூழ்க வையுங்கள். ஒருவர் பெடலை மிதித்துப் பிடித்துக்கொள்ள, மற்றவர் நிப்பிளைத் திறப்பார். குமிழியோடு திரவம் வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் பெடலை விடலாம். வரிசை மாறினால் வெளியேறிய காற்றே திரும்பி உள்ளே போகும். ஆகவே “மிதி”, “விடு” என்று இருவரும் உரக்கச் சொல்லிக்கொள்வது நல்லது. பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்குவார்கள். நம் நாட்டுக் கார்களில் அது இடப்பக்கப் பின் சக்கரம். சில கார்களுக்கு வரிசை வேறு, கையேட்டைப் பாருங்கள். இடையில் டப்பா வறண்டுவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. பாட்டிலில் வந்த திரவத்தை மறுபடி ஊற்றக் கூடாது. திறந்து பல மாதமான புட்டியும் வேண்டாம். அது ஏற்கெனவே நம் ஊர்க் காற்றைக் குடித்திருக்கும்.

ஏ.பி.எஸ். உள்ள கார்களில் வால்வுகளும் மின்சுற்றும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் அங்கே கசிவு என்றால் பிரச்சினை வேறு விதம். 2023 செப்டம்பரில் அமெரிக்காவில் ஹூண்டாய், கியா கம்பெனிகள் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தன. அந்தப் பெட்டிக்குள் பிரேக் திரவம் கசிந்து மின்சுற்றில் குறுக்கிணைப்பு ஏற்பட்டுத் தீப்பிடிக்கலாம் என்பது காரணம். பழுது பார்க்கும்வரை காரை வீட்டுக்கு வெளியே நிறுத்தும்படி சொன்னார்கள். இந்தப் பெட்டியைத் தெருப் பட்டறையில் திறக்கக் கூடாது.

ஓடும்போதே பெடல் போய்விட்டால்? விடாமல் விரைவாக மிதித்துக்கொண்டே இருங்கள். மீந்திருக்கும் திரவம் சற்றாவது பிடிக்கக்கூடும். கியரைப் படிப்படியாகக் குறையுங்கள். கைப்பிரேக் பல கார்களில் கம்பியால் இயங்குவது, பழைய ஆஸ்டினின் பின் சக்கரங்களைப் போலத் திரவத்தை நம்பியிராதது. அதன் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி சிறிது சிறிதாக இழுங்கள்; ஒரேயடியாக இழுத்தால் பின் சக்கரங்கள் இறுகி வண்டி திரும்பிவிடும். என்ஜினை அணைக்காதீர்கள்; அணைத்தால் ஸ்டீயரிங்கின் துணைபலமும் போகும்.

வேலை முடிந்து காரை எடுக்கும்போது முதலில் நின்ற இடத்திலேயே பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். பிறகு ஆளில்லாத தெருவில் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பாருங்கள். டப்பாவின் மட்டத்துக்கு நேரே பென்சிலால் ஒரு கோடு கிழித்துத் தேதியை எழுதி வையுங்கள். அன்றிரவு நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் பழைய செய்தித்தாளை விரித்து, ஒரு வாரம் கழித்து அந்தக் கோட்டை மறுபடி பாருங்கள்.